வாரத்துக்கு ஒரு சொல்

ஆவியைப் படம் எடுப்பதற்காக ஒரு ஜனவரி மாதம் விடியற்காலை மூன்றரை மணிக்குத் தாராவிக்குப் போனேன். செம்பூரிலிருந்து அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. ஆட்டோவில் சயான் வரை வந்து, அங்கிருந்து 90 அடிச் சாலைக்கு நடந்தேன். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் மட்டும் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. காலையில் ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கியபடி சைக்கிளில் வருகிறாரே இட்லிக்காரர், அவருடைய அலுமினியப் பாத்திரம் நிறைவது இந்த மாதிரிச் சந்துகளில்தான். எங்களோடு படம் எடுக்கிற பதினேழு வயதுப் பெண்ணின் வீடு அங்கே இருக்கிறது. அவள் அம்மா கொப்பரை மூடியைத் தூக்கும் நொடியில்தான் ஆவி முழுசாக எழும். ஒரு ஈடு வேகப் பன்னிரண்டு நிமிடம். எனக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய்ப்பு.

முதல் ஈட்டில் ஃப்ளாஷ் போட்டேன். வெள்ளையாக ஒரு கறைதான் விழுந்தது. இரண்டாவது ஈட்டில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பல்பு என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றேன். அம்மா இருந்தார், கொப்பரை இருந்தது, ஆவி மட்டும் படத்தில் இல்லை. கண்ணுக்கு அவ்வளவு அடர்த்தியாகத் தெரிவது ஏன் கேமராவுக்குத் தெரியவில்லை என்று குழம்பிப்போய் நின்றேன். அந்தப் பெண்தான், "அத்தை, நீங்க இந்தப் பக்கம் வாங்க, பல்பு அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்று என்னைச் சுவரோரம் இழுத்துவிட்டாள். விளக்கு ஆவிக்குப் பின்னால் போனது. அதற்கும் பின்னால் புகை படிந்த கறுப்புச் சுவர். திரையில் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். மூன்றாவது ஈட்டில் ஆவி ஒரு துணியைப் போல மடிப்பு மடிப்பாக எழுந்து நின்றது. மழை, புகை, தூசி, ஆவி எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வழி. வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும், அதன் பின்னால் இருட்டு வேண்டும்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்தச் சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்ததைக் கவனித்தேன். அந்த அம்மாவின் கணவர் படம். பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு விளக்கு. மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி அந்தச் சட்டத்தை மறைத்து, பிறகு மெல்ல விலகிக் காட்டியிருக்கிறது. அன்று அரை மணி நேரம் அங்கே நின்றும் நான் அதைப் பார்க்கவில்லை. அந்த வாரம் எங்களுக்கு வந்த சொல்லே 'ஆவி'தான்.

எங்கள் பழக்கம் இதுதான். ஐந்து பேர். ஞாயிறு இரவு ஒருவர் ஒரு சொல் தருவார், முறை வைத்து. அடுத்த ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம், அதன்கீழ் நான்கு வரிக்கு மிகாமல் ஒரு குறிப்பு. படம் அந்த வாரத்திலேயே எடுத்ததாக இருக்கவேண்டும், பழைய படம் செல்லாது. பரிசு, மதிப்பெண் எதுவும் இல்லை. ஐவரில் நான் ஒருத்தி. என் தம்பி டெம்போ ஓட்டுகிறான். மாட்டுங்காவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. செம்பூரில் என் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் நர்ஸ். இட்லி வீட்டுப் பெண். ஐந்து பேரிடமும் இருப்பது மொபைல்தான். மாமாவிடம் மட்டும் பழைய நிக்கான் ஒன்று இருக்கிறது, அதை அவர் இசை விழாவுக்கு மட்டும் வெளியே எடுப்பார்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட செய்தி வந்தது. என் அத்தை அங்கேதான் இருந்தாள். செம்பூருக்கும் தாராவிக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அந்த மாதங்களில் அது கடலாகிவிட்டது. அத்தைக்குப் போனில் பேசத் தெரியும், ஆனால் பேசினால் அழுவாள். அதனால் அவள் பேரனிடம் தினம் ஏதாவது ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். என்ன எடுப்பது என்று அவன் கேட்டான். 'சன்னல்' என்றேன். அத்தை வீட்டில் சன்னல் கிடையாது. கதவின் மேற்பகுதியில் இருக்கும் கம்பி வலையை அவன் எடுத்து அனுப்பினான். அதற்குப் பின்னால் எதிர்வீட்டுக் கம்பி வலை, அதற்குள் ஒரு குழந்தையின் கை. முதல் சொல் அது. அது மெல்ல எங்கள் ஐவரின் பழக்கமாகிவிட்டது. ஊர் திறந்த பிறகும் எங்களால் இதை நிறுத்த முடியவில்லை.

ஆரம்பத்தில், உலகமெங்கும் படம் எடுப்பவர்கள் வைத்துக்கொள்ளும் வாராந்தரப் பட்டியல் ஒன்றைப் பின்பற்றினோம். நீலம், கதவு, பிரதிபலிப்பு, தனிமை என்று வரும். சில மாதங்கள் செய்தோம். எங்கள் ஐவர் படமும் ஒன்றுபோல இருந்தது. அதைவிட, எங்கேயோ ஏற்கெனவே பார்த்த படம்போல இருந்தது. மழை தேங்கிய குழியில் தலைகீழாகத் தெரியும் கட்டடம், இருட்டில் ஒற்றை மனிதர். மாமாதான், "நம்ம பாஷையிலேயே சொல் கொடுப்போமே. ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருக்கற பாஷை" என்றார். அவர் கொடுத்த முதல் சொல் 'மாலை'.

மாட்டுங்காவில் வாழ்கிறவருக்கு அது கைக்கெட்டும் சொல். ரயில் நிலையத்திலிருந்து பண்டார்க்கர் சாலைப் பக்கம் நடந்தால் ஆஸ்திக சமாஜம் கோவிலைச் சுற்றிப் பூக்கடைகள். மல்லிகை, மரிக்கொழுந்து, துளசி, சம்பங்கி. நாங்கள் எல்லாரும் பூமாலையை எடுக்கப்போனோம். மாமா டிசம்பர் மாதத்து மாலைப்பொழுதை எடுத்துவந்தார். ஆறு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். அதன்பின் கால் மணி நேரம் வானம் இருட்டாமல் ஆழ்ந்த நீலமாக நிற்கும். அந்த நேரத்தில் கடைப் பல்பின் மஞ்சளும் வானத்தின் நீலமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். கேமரா இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். பத்து நிமிடம் முந்தினால் பல்பு சோகையாகத் தெரியும், பத்து நிமிடம் பிந்தினால் வானம் வெறும் கறுப்பாகிவிடும். அவர் படத்தில் பூக்காரர் தொடுத்துக்கொண்டிருந்த மாலை பாதியில் நின்றது. மாலைக்குள் மாலை. கீழே அவர் எழுதியது இரண்டே வரி, பூ வாங்க வராத மனைவியைப் பற்றி. படத்தில் எவருமே இல்லாத ஓரிடத்தைப் பற்றி.

அன்று எனக்கு ஒன்று தெளிந்தது. படத்தில் இருப்பதை வரியில் திருப்பிச் சொன்னால் இரண்டுமே வீண். வாசனை, விலை, வெப்பம், போனவர்கள், படம் எடுக்கும் முன்பும் பின்பும் பேசிய பேச்சு, இவை படத்தில் விழாது. வரி இருப்பது அவற்றுக்காக. ஆவிப் படத்தின்கீழ் நான் சட்டத்தைப் பற்றி எழுதவில்லை. 'ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். இன்று பத்து ஈடு. நான் மூன்றில் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். பார்க்கிறவர்கள் சட்டத்தைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற நால்வரில் மூவர் கண்டுபிடித்தார்கள். இட்லி வீட்டுப் பெண் அடுத்த வாரத்துக்கு 'ஈடு' என்ற சொல்லைக் கொடுத்தாள். இட்லியின் ஈடு, இழப்புக்கு ஈடு, அடகு வைக்கும் ஈடு. என் இத்தனை வயதில் அந்த மூன்றையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்ததில்லை.

'கொடி' என்று ஒரு வாரம் வந்தது. நான் மொட்டைமாடித் துணிக்கொடியை எடுத்தேன். தம்பி கட்சிக்கொடியை எடுத்தான். மாமா பால்கனி முல்லைக்கொடியை. நர்ஸ் அனுப்பியதைப் பார்த்து நாங்கள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரித்த உள்ளங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். தொப்புள்கொடியை இறுக்கும் கிளிப். குழந்தையை எடுக்கலாமா என்று தாயிடம் கேட்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லையாம், தாய் அவ்வளவு களைத்திருந்தாள். கிளிப் போதும் என்று முடிவுசெய்திருக்கிறாள். 'ஓடு' வந்தபோது தம்பி கும்பார்வாடாவுக்குப் போனான். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குயவர்களின் தெரு. சூளைப் புகைக்குள் உடைந்த சட்டிகளைக் குவித்திருந்த இடத்தில் ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். மண்ணோடும் ஓடுகிற ஓடும் ஒரே சட்டத்துக்குள். எங்களில் மிகக் குறைவாகப் படித்தவன் அவன். மிக நன்றாகப் படிக்கத் தெரிந்தவனும் அவன்தான் என்று எனக்கு அன்று தோன்றியது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. ஏழாம் வகுப்பு வரை நான் அப்படியொரு பள்ளியில் படித்தேன். எட்டாவதில் ஆங்கிலத்துக்கு மாறினேன். என் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத் தெரியாது. இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் எங்கள் தமிழ்ச் சொற்கள் ஒரு அர்த்தத்தோடு மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. 'படி' என்றால் என் மகளுக்குப் பாடம் படிப்பது மட்டும்தான். அந்தச் சொல் வந்த வாரம் அவளைச் செட்டா நகர் முருகன் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். 108 படி. ஏறிக்கொண்டே, உன் பாட்டி அரிசி அளந்ததும் படி, நான் சொன்னபடி கேள் என்பதிலும் படி, எழுதியதைப் பார்த்து எழுதினால் அதுவும் படி என்று சொல்லிக்கொண்டே போனேன். எழுபதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். அவள் எனக்கு ஆறு படி கீழே உட்கார்ந்து மறுநாள் பரீட்சைக்கான புத்தகத்தைப் பிரித்தாள். அவள் தலைக்கு மேலிருந்து எடுத்தேன். படிகளின் விளிம்புகள் நோட்டில் கோடு போட்டதுபோல விழுந்தன. இப்போது அவளே சில வாரம், "அம்மா, இந்தச் சொல்லுக்கு இன்னொரு மீனிங் இருக்கா?" என்று கேட்கிறாள்.

நான் செய்த தவறு ஒன்றையும் எழுதவேண்டும். அதை எழுதாமல் இந்தக் கைவேலையைப் பற்றி நான் பேசக்கூடாது.

'வரிசை' என்ற சொல் வந்த வாரம் அது. காலை ஆறு மணிக்குத் தாராவியில் பொதுக்கழிப்பறை வரிசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நல்ல படம் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். கிடைத்தது. மஞ்சள் வெளிச்சம் சரிந்து விழ, பன்னிரண்டு பெண்கள், ஒருவர் தோளுக்குப் பின் ஒருவர். இடுப்பளவில் போனைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். கடைசியில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். சத்தம் போடவில்லை. கிட்டே வந்து, "நீயும் இங்க நின்னவதானே?" என்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

பத்தொன்பது வயது வரை நானும் அந்த வரிசையில் நின்றவள். அப்போது யாராவது எங்களைப் படம் எடுத்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் ஒருமுறை யோசித்திருந்தாலே போதும், போனை வெளியே எடுத்திருக்க மாட்டேன். தாராவியைச் சுற்றிக்காட்ட ஆள் கூட்டிவரும் நிறுவனம் ஒன்று, வருகிறவர்கள் படம் எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வெளியாருக்கே அந்த விதி. நான் உள்ளேயிருந்து போனவள் என்பதை எனக்கு நானே கொடுத்துக்கொண்ட அனுமதிச்சீட்டாக வைத்திருந்தேன். அவள் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி, போ" என்று வரிசைக்குத் திரும்பிப் போனாள். அதற்குள் அவள் இடம் போயிருந்தது, என்னால்.

மறுநாள் தண்ணீர் வரும் நேரத்தில் மறுபடி போனேன். இந்தமுறை கேட்டுவிட்டு, குடங்களை எடுத்தேன். குழாயில் தண்ணீர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நிற்கும். யார் குடம் என்று தெரிய ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், ஒன்றில் நகப்பூச்சால் ஒரு புள்ளி, ஒன்றில் கிழிந்த ரிப்பன். ஆட்கள் உள்ளே சமைத்துக்கொண்டும் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டும் இருந்தார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து குடத்தின் உயரத்துக்கு போனை இறக்கினேன். என்னிடம் இருப்பவற்றில் உருப்படியான படம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஹோமாய் வியாரவாலாவைப் பற்றி அந்த நாட்களில்தான் தேடிப் படித்தேன். 1913-இல் நவ்சாரியில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்கிறோம். அவர் எடுத்த ஆரம்பகாலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில் வெளியாயின. சேலை கட்டிய பெண் ஒருத்தி கேமராவோடு அலைவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனாலேயே தடையில்லாமல் எங்கும் போக முடிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நானும் அதே சலுகையில்தான் இருக்கிறேன். ஐம்பது வயதுப் பெண்மணி போனைத் தூக்கினால் பேத்திக்கு வீடியோ கால் போடுகிறாள் என்று நினைத்து விலகிப் போகிறார்கள். யாரும் கண்டுகொள்ளாத இந்தச் சலுகையை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதை அந்த வரிசைப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இன்னொருவர் மதுரைக்காரர், எம். பழனிக்குமார். பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்கிற கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தில் படம் எடுப்பவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடமாகப் பதிவு செய்கிறார். அவருடைய அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அம்மாவையும் அவர் தொடர்ந்து எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குப் படுவது, கேமரா எங்கேயும் நின்ற நிலையில் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான். அம்மா உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்திருக்கிறார். அதிலிருந்து நானும் அப்படி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எடுக்கப்படுகிறவர் குந்தியிருந்தால் குந்துவேன். முட்டி வலிக்கும், பரவாயில்லை.

பொங்கலன்று 90 அடிச் சாலைக்கு எல்லாக் கேமராக்களும் வரும். நூற்றுக்கணக்கான பெண்கள் நடுச்சாலையில் ஒரே நேரத்தில் பானை வைத்துப் பொங்குவது பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, வருடா வருடம் எடுக்கிறார்கள். 'தடம்' என்ற சொல் பொங்கலை ஒட்டி வந்தபோது நான் மறுநாள் காலை போனேன். செங்கல்லை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். தாரில் மூன்று மூன்று புள்ளியாகக் கரிக்கறை மட்டும் சாலை நெடுக. அதன் மேல் பள்ளிக்கூட ரிக்‌ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன.

வெளிச்சத்தைப் பற்றித் தாராவியில் கற்றதை வேறெங்கும் கற்றிருக்க முடியாது. அத்தை வீட்டுச் சந்து இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்கவேண்டிய அகலம். மேலே தகரமும் தார்ப்பாயும் நெருங்கி நிற்கும். வெயில் தரையில் ஒரு கோடாக இறங்கும், சிறிது நேரத்தில் சுவரேறிப் போய்விடும். அத்தை மிளகாய் காயவைக்கிற தட்டு வெயிலோடு நகரும். பதினொன்றரைக்கு எதிர்வீட்டு வாசலில், பன்னிரண்டுக்கு நடுச்சந்தில், பன்னிரண்டே முக்காலுக்கு அத்தையின் வாசற்படியில். மாமா ஒரு மே மாதத்தில் வேண்டுமென்றே 'நிழல்' என்ற சொல்லைக் கொடுத்தார். மும்பை கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். ஒன்று மே நடுவில், மற்றது ஜூலைக் கடைசியில். ஜூலையில் மேகம் விடாது. மே மாதத்து நாளில் பன்னிரண்டரையைத் தாண்டியதும் சில நிமிடம் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அன்று அத்தையின் சந்தில் வெயில் நேராகத் தரையைத் தொட்டது. தட்டைச் சுற்றி நிழல் ஒரு நூல்கூட இல்லை. மிளகாய் காற்றில் மிதப்பதுபோல விழுந்தது. "என்ன பிள்ள, மொளகாய்க்குப் போயி இவ்வளவு நேரம்?" என்று அத்தை கேட்டாள்.

எல்லாச் சொல்லுக்கும் படம் கிடைப்பதில்லை. 'தோல்' வந்த வாரம் ஆறு நாள் கையைப் பிசைந்தேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவித் தோல்பட்டறையில் வேலை செய்தவர். அந்த ஊர்க்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அதற்காக வந்துகொண்டிருந்தார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. பிறகு தோல் பதனிடும் பட்டறைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயின. அப்பா பை தைக்கிற வேலைக்கு மாறினார். அவர் போய் வெகுகாலம் ஆகிறது. அவருடைய கையை எடுத்திருக்கவேண்டும், எடுக்கவில்லை, அப்போது எங்களிடம் கேமரா இல்லை. ஏழாம் நாள் மெயின் ரோட்டில் ஒரு தோல் கடைக்குள் போய், வாங்க வரவில்லை என்று சொல்லிவிட்டே கேட்டேன். கடைக்காரர் ஒரு முழுத் தோலை மேசையில் விரித்தார். பளபளப்பான பக்கம் எனக்கு ஒன்றும் தரவில்லை. திருப்பிப் போடச் சொன்னேன். உட்புறத்தில் கத்தி இழைத்த கோடுகள் அப்படியே இருந்தன, குறுக்கும் நெடுக்குமாக, யாரோ ஒருவருடைய கைவாகு. பக்கவாட்டில் வாசலிலிருந்து வந்த வெளிச்சம் அந்தக் கோடுகளை எழுப்பிக் காட்டியது. மேலிருந்து வெளிச்சம் விழுந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. கீழே அப்பாவின் நகக்கண்ணில் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாத பழுப்பு நிறத்தைப் பற்றி எழுதினேன்.

எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் விதிகளில் இல்லை, ஆனால் ஐவரும் செய்கிறோம். நாலுக்கு ஆறு அளவில் ஒரு பிரிண்ட். போனில் அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. போனில் வந்த படம் கீழே கீழே போய்விடும். பிரிண்டு அலமாரிக் கண்ணாடியில் செருகப்படும். இட்லி அம்மாவுக்கு ஆவிப் படத்தைக் கொடுத்தபோது முதலில் கொப்பரையைப் பார்த்தார், பிறகு தன்னைப் பார்த்தார், "இளைச்சுப் போயிட்டேன்" என்றார். சட்டம் அவர் கண்ணில் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் காட்டவும் இல்லை. அடுத்தமுறை போனபோது அந்தப் பிரிண்ட், கணவர் படத்துக்குக் கீழேயே, ஒரு ஓரமாகச் செருகியிருந்தது.

சமீபத்தில் வந்த சொல் 'எண்'. கொடுத்தது தம்பி. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. சந்து சந்தாக ஆட்கள் வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். யாருக்கு எங்கே வீடு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. அத்தை வீட்டுக் கதவிலும் எழுதியிருந்தது. நான் அதற்காகத்தான் போனேன். கதவைச் சாத்தச் சொல்லி, எண் முழுசாகத் தெரியும்படி, அத்தையைப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தேன். ஆள் உயரத்துக்கு எண்ணும் இருந்தது. படம் சரியாகத்தான் வந்திருந்தது. சட்டமாக, நேராக, எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக.

அத்தையிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நம்பரு நல்லா விழுந்திருக்கு. கதவச் சாத்திக்கிட்டு நிக்கேனே, யாருமில்லாத வீடு மாதிரில்லா இருக்கு. தொறந்துவச்சு எடு."

திறந்தோம். உள்பக்கமாக மடங்கும் கதவு. மடங்கியதும் எண் இருட்டுக்குள் போய் அலமாரியின் பின்னால் மறைந்துவிட்டது. வாசலில் நின்ற அத்தைக்குப் பின்னால் அடுப்பு தெரிந்தது, மிளகாய்த் தட்டு தெரிந்தது, அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த பிரிண்டுகள் தெரிந்தன. சந்தில் குந்தி உட்கார்ந்து, வெயில்கோடு எதிர்ச்சுவரில் பட்டு அவள் முகத்துக்குத் திரும்பி வருகிற வரை காத்திருந்து எடுத்தேன். ஞாயிறு இரவு எட்டே முக்காலுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். கீழே கதவு எண்ணை மட்டும் எழுதினேன்.